நூலகரைக் கேளுங்கள்: துறையின் கணினியிலிருந்து இணையத்துக்கு

பல்கலைக்கழகத் துறைகளில் முடங்கிக் கிடக்கும் சிறு தரவுத்தளங்களை நூலகத்தின் வழியாக இணையத்தில் ஏற்றுவது குறித்துத் தமிழகத்தை ஒட்டிய கேரள, ஆந்திர எல்லைப் பகுதிகளிலிருந்து பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் விருப்பப்படி பெயரையும் பணியிடத்தையும் விட்டுவிட்டுச் சொந்த ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தமிழ்த் துறையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், பாலக்காட்டுப் பகுதி பற்றித் தமிழ் இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளுக்குப் பல ஆண்டுகளாக அடைவு தொகுத்து, அதை எக்செல் கோப்பாக வைத்திருக்கிறார். ஏறத்தாழ நாலாயிரம் பதிவுகள் இருக்கும். கணினித் துறை மாணவர்கள் இதற்கெனத் தனி இணையதளம் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். நூலகமோ, தன்னிடம் கொடுத்தால் பொதுவான வடிவில் ஏற்றித் தருவதாகச் சொல்கிறது. அப்படிச் செய்தால் துறையின் பெயர் மங்கிவிடும் என்று எங்கள் துறைத்தலைவர் அஞ்சுகிறார். எதைத் தேர்வது, ஐயா?
— உதவிப் பேராசிரியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நூலகத்திடம் கொடுத்துவிடுங்கள். மாணவர்களின் திறமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை; அவர்கள் செய்யும் தளம், நூலகத்தின் பொதுவடிவத்தைவிடப் பார்ப்பதற்கு அழகாகவே இருக்கக்கூடும். ஆனால் அவர்கள் படிப்பை முடித்துப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. 2000-களில் பல்கலைக்கழகங்களில் துறைதோறும் முளைத்த சிறு தளங்களில் பெரும்பாலானவை பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டு, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு இணைக்கப்பட்டவை. 2015 டிசம்பரில் வெளிவந்த பி.எச்.பி. 7, அந்த இணைப்புக்கு அதுவரை எல்லாரும் பயன்படுத்திவந்த பழைய கட்டளைத் தொகுதியை அடியோடு நீக்கிவிட்டது, முந்தைய 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களோ 2018-ஆம் ஆண்டு இறுதியோடு நின்றுபோயின. ஆகவே சர்வரைப் புதுப்பித்தால் தளம் திறக்காது, புதுப்பிக்காமல் விட்டால் எவரும் உள்ளே நுழையலாம் என்ற நிலை வந்தது. கணினிப் பிரிவினர் இரண்டாவதற்கு அஞ்சித் தளத்தையே மூடிவிட்டார்கள். தரவில் ஒரு குறையும் இல்லாமலே தரவுத்தளங்கள் மறைந்துபோனது இப்படித்தான்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் நூலகங்களுக்கு உண்டு. யுனெஸ்கோ 1985-இல் சிறு கணினிகளுக்காக வெளியிட்டு இலவசமாக வழங்கிய சி.டி.எஸ்./ஐசிஸ் என்ற மென்பொருளில் இந்திய நூலகங்கள் பலவும் தங்கள் பட்டியல்களைக் கட்டின. அந்த மென்பொருளை இன்று பயன்படுத்துவோர் அரிது. ஆயினும் அதிலிருந்த பதிவுகளை ஐ.எஸ்.ஓ. 2709 என்ற பொதுவடிவத்தில் வெளியே எடுத்துவைத்த நூலகங்களில், அப்பதிவுகள் அடுத்தடுத்த மென்பொருள்களுக்குத் தடையின்றிக் குடிபெயர்ந்தன. மென்பொருளுக்கு ஆயுள் குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, தரவைத் தனியே காப்பாற்றிவைத்தவர்கள் பிழைத்தார்கள். ஆகையால் நூலகத்திடம் தாங்கள் கொடுக்கவேண்டிய முதன்மையான பொருள் இணையதளம் அன்று. எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய கோப்பு ஒன்றும், அதன் ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன இருக்கிறது என்பதை விளக்கும் இரண்டு பக்கக் குறிப்பும்தான். "இ.எண்" என்ற தலைப்பு இதழ் எண்ணா, இருப்பு எண்ணா என்பது பேராசிரியருக்குத் தெரியும், அவருக்குப் பின் யாருக்கும் தெரியாது. அவரை உட்காரவைத்து அந்தக் குறிப்பை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

எந்த மென்பொருளில் ஏற்றுவது என்பதை நூலகம் முடிவு செய்யட்டும். தங்களுடையது கட்டுரை அடைவு என்பதால், நூலகம் கோஹாவைப் பயன்படுத்துமானால் அதிலேயே சேர்த்துவிடலாம். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் உருவாக்கப்பட்டு, மறு ஆண்டு பொதுப்பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. கேரளத்துப் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்கள் பலவற்றில் ஏற்கெனவே இயங்குகிறது. மார்க் 21 என்ற நூலகப் பட்டியல் முறையில் கட்டுரையாசிரியர் 100-ஆம் புலத்திலும், தலைப்பு 245-ஆம் புலத்திலும், கட்டுரை வெளிவந்த இதழின் விவரம் 773-ஆம் புலத்திலும் போய் அமரும். தாளிகையின் பெயரைத் தட்டினால் அதில் வந்த கட்டுரைகள் அனைத்தும் வரிசையாக வந்துவிடும். படங்களும் ஒலிப்பதிவுகளும் கொண்ட தொகுப்பாக இருந்திருந்தால் ஒமேகா (Omeka) என்ற மென்பொருளைச் சொல்லியிருப்பேன். வெறும் அட்டவணையாக, எண்களும் பெயர்களுமாக இருந்தால் எஸ்.க்யூ.லைட் கோப்பாக மாற்றி, டேட்டாசெட் (Datasette) போன்ற சிறு கருவியால் திறந்துவைப்பதே போதும். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கிவிடுவதால் நகலெடுப்பது எளிது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நெடுங்காலம் காக்கத் தகுந்த தரவு வடிவங்களில் ஒன்றாக எஸ்.க்யூ.லைட்டையும் பரிந்துரைக்கிறது.

துறைத்தலைவரின் அச்சம் நியாயமானதே. நூலகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது, ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் தொகுத்தவர் பெயரும் துறையின் பெயரும் இடம்பெற வேண்டும், தொகுப்புக்கெனத் தனி முகப்புப் பக்கம் வேண்டும், மேற்கோள் காட்டும் முறை அதில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த, மாறாத முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். தேடுபெட்டியில் சொல்லைத் தட்டினால் மட்டுமே வெளிவரும் பதிவுகள் கூகுளின் கண்ணுக்குப் பெரும்பாலும் படுவதில்லை. ஆய்வாளர்களில் பலரும் உங்கள் துறையின் பெயரையே அறியாமல் கூகுள் வழியாக வந்து சேர்பவர்கள். அவர்கள் வந்து இறங்குகிற பக்கத்தில் துறையின் பெயர் இருந்தால், எந்தத் தனித் தளமும் தராத விளம்பரம் அது.

கேள்வி: எங்கள் துறையின் சுவடி விளக்கப் பட்டியல் நூலகத் தளத்தில் ஏறியிருக்கிறது. கண்ணுக்கு எதிரே தெரிகிற பதிவையே தேடுபெட்டியில் தட்டச்சு செய்தால் "இல்லை" என்று வருகிறது. ஔவையார் சில பதிவுகளில் அகப்படுகிறார், சிலவற்றில் அகப்படுவதில்லை. மலையாளத் தலைப்புகளிலும் இதே தொல்லை. எல்லாம் யூனிகோடில்தான் இருக்கிறது, குறை எதுவும் இல்லை என்று கணினிப் பிரிவினர் சொல்கிறார்கள்.
— ஆய்வு மாணவி, பாறசாலை

பதில்: அவர்கள் சொல்வது உண்மை; குறை இருக்கிறது என்று தாங்கள் சொல்வதும் உண்மை. யூனிகோடில் ஒரே தோற்றத்தைப் பல வழிகளில் எழுத முடியும் என்பதுதான் சிக்கல். ஔவையாரையே எடுத்துக்கொள்வோம். ஔ என்பது தனியெழுத்து. ஆனால் தட்டச்சு செய்தவர்களில் பலர் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடித்து "ஒளவையார்" என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். "கௌரி", "மௌனம்" போன்றவற்றிலும் இதே பிழை நேரும். அடுத்தது "ஸ்ரீ". இதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும். திருவிதாங்கூர்ச் சுவடிப் பட்டியலில் ஸ்ரீ இல்லாத பக்கம் இராது என்பதால், பாதிப் பட்டியல் தேடலுக்குச் சிக்காமல் போவதற்கு இந்த ஒன்றே போதும்.

ஒகர, ஓகாரக் குறிகளிலும் இரட்டை வழி உண்டு. "கொ" என்பதன் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். இவை சமமானவை என்று யூனிகோடே அறிவித்திருப்பதால், என்.எஃப்.சி. எனப்படும் இயல்பாக்க முறையைத் தரவின் மீது ஒருமுறை ஓட்டினால் வேறுபாடு மறைந்துவிடும். முன்சொன்ன ஔகாரப் பிழையையும் ஸ்ரீ வேறுபாட்டையும் அந்த முறை தொடாது; அவற்றுக்குத் தனியே மாற்று விதி எழுத வேண்டும். மலையாளத்தில் ன், ர், ல், ள், ண் ஒலிகளைக் காட்டும் சில்லு எழுத்துகள் 2008-இல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பில்தான் தனிக்குறியீடு பெற்றன. அதற்கு முன் தட்டச்சு செய்த பதிவுகளில் மெய்யெழுத்து, சந்திரக்கலை என்ற மெய்க்குறி, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஆகிய மூன்றும் சேர்ந்து சில்லாக நிற்கும். மலையாளச் சொற்களில் சில்லு வராத சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது தங்களுக்கே தெரியும்.

செய்யவேண்டியது இதுதான். மூலத் தரவைத் திருத்தாமல் அப்படியே ஒரு நகல் வைத்துக்கொண்டு, மற்றொரு நகலில் இந்த விதிகளை ஓட்டித் தேடலுக்கான வடிவத்தை உருவாக்கச் சொல்லுங்கள். வாசகர் தட்டச்சு செய்யும் சொல்லும் அதே விதிகளின் வழியாகப் போன பிறகே தேடப்பட வேண்டும். தரவை மட்டும் திருத்திவிட்டுத் தேடுபெட்டியை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவியில் ஒரு நெடுவரிசையைத் திறந்து, ஒன்றையொன்று ஒத்த மதிப்புகளைத் தொகுத்துக் காட்டச் சொன்னால், ஒரே ஆசிரியர் எத்தனை வேடங்களில் நிற்கிறார் என்பது வெளிப்படும். சுவடியில் உள்ள எழுத்துப் பிழைகளைத் "திருத்திவிட" வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏடெழுதியவர் "வயித்தியம்" என்று எழுதியிருந்தால் அது அப்படியே நிற்கட்டும். "வைத்தியம்" என்பது அருகில் வேறொரு புலத்தில் வரட்டும்.

பட்டியலின் பழைய பகுதிகள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்து மாற்றப்பட்டவையாக இருந்தால் இன்னொன்றையும் சோதியுங்கள். அவ்வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கில முதலெழுத்துகளும் கலந்திருந்தால், மாற்றுக் கருவி ஆங்கிலத்தையும் தமிழாகக் கருதிப் பொருளற்ற எழுத்துக் கோவையாக்கிவிடும். ஆசிரியர் பெயர் நெடுவரிசையைத் தொடக்கத்திலிருந்து கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

கேள்வி: வரலாற்றுத் துறைக்காகப் பழைய தோட்ட ஆவணங்களின் பட்டியலை எக்செல்லில் ஏற்றிவருகிறேன். ஆவணங்களில் கொல்லம் ஆண்டே இருக்கிறது. ஆங்கில ஆண்டாக மாற்றி ஏற்றலாமா? எக்செல் சில எண்களைத் தானாகவே தேதியாக மாற்றிவிடுகிறது.
— தேவிகுளம்

பதில்: மாற்றியும் ஏற்றுங்கள், மாற்றாமலும் ஏற்றுங்கள். ஆவணத்தில் உள்ளபடியான தேதிக்கு ஒரு நெடுவரிசை, மாற்றிய தேதிக்கு ஒரு நெடுவரிசை என்று இரண்டு தேவை. கொல்லம் ஆண்டு சிங்க மாதம், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறப்பதால், அதிலிருந்து டிசம்பர் இறுதிவரை உள்ள தேதிகளுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடியும்வரை உள்ள தேதிகளுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். தங்கள் ஊர்க்காரர்கள் மறக்க முடியாத தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் கொல்லம் 1099 கர்க்கடகத்தில் வந்தது. 825-ஐக் கூட்டினால் 1924 ஜூலை என்று சரியாக வரும். எல்லாவற்றுக்கும் 824 என்ற ஒரே எண்ணைக் கூட்டும் சூத்திரத்தை எக்செல்லில் போட்டு இழுத்துவிட்டால், மூணாற்றின் வெள்ளம் 1923-க்குப் போய்விடும். மாதம் தெரியாத ஆவணங்களுக்கு "1923–24" என்று எழுதுவதே நேர்மை. வடமலபாரில் ஆண்டு கன்னி (புரட்டாசி) மாதத்தில் பிறக்கும் என்பதையும், அங்கிருந்து வந்த தாள் ஏதேனும் கட்டில் கலந்திருந்தால், கவனத்தில் கொள்ளவும்.

எக்செல்லைப் பொறுத்தவரை, தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து "டெக்ஸ்ட்" என்று வடிவமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டு 3, தாள் 4 என்பதைக் குறிக்கும் "3-4" ஏப்ரல் மூன்றாம் தேதி ஆகிவிடும். பின்னர் வடிவத்தை மாற்றினாலும் பழைய மதிப்பு திரும்பாது, ஐந்திலக்க எண்தான் வரும். 1900-க்கு முற்பட்ட தேதிகளை எக்செல் தேதியாகவே ஏற்காது என்பதால், ஒரே நெடுவரிசையில் பாதி தேதியாகவும் பாதி எழுத்தாகவும் நின்று வரிசைப்படுத்தும்போது குழப்பும். நூலகத்துக்கு அனுப்பும்போது வெறும் சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும், சேமிக்கும் வகைகளில் "சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எங்கள் துறையில் கள ஆய்வுப் பட்டியல் ஒன்று 1950-களிலிருந்து இருக்கிறது. அதில் "சித்தூர்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சித்தூர் என்று தெரியவில்லை. மாவட்டப் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்றைய பெயருக்கு மாற்றிவிடலாமா?
— சத்தியவேடு

பதில்: பழைய பெயரை அழிக்க வேண்டாம். தங்கள் ஊரே இதற்கு நல்ல சான்று: 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு, அன்றிலிருந்து திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பட்டியலில் சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக வரும் திருத்தணி, எல்லைச் சீரமைப்புச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1956 நவம்பர் 1-க்கு முன்பு எடுத்த குறிப்புகளில் தோவாளையும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்–கொச்சியில் இருக்கும். இன்றைய நிர்வாகப் பெயரை மட்டும் வைத்தால், நாளை மற்றொரு அரசாணை வரும்போது மறுபடியும் எல்லா வரிகளையும் திருத்த வேண்டியிருக்கும்.

ஊர்களுக்கெனத் தனி அட்டவணை ஒன்று வைத்து, ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் கொடுங்கள். முதன்மைப் பட்டியலில் அந்த எண்ணும், களக்குறிப்பில் உள்ளபடியான பெயரும் இருந்தால் போதும். ஊர் அட்டவணையில் தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்கள், பழைய ஆங்கிலப் பெயர், அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவை வரும். பாலக்காட்டுச் சித்தூர் வடக்கு 10.7 பாகைக்கு அருகில், ஆந்திரச் சித்தூர் 13.2 பாகைக்கு அருகில். அகலாங்கு எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. ஜியோநேம்ஸ் அல்லது விக்கித்தரவு என்ற இணையத் தரவுத்தளத்தில் அந்த ஊருக்குள்ள அடையாள எண்ணையும் சேர்த்துவிட்டால், பிற நூலகங்களின் தரவோடு இணைப்பது எளிதாகும். எந்தச் சித்தூர் என்று இனி உறுதி செய்ய முடியாத பதிவுகளுக்கு, ஊகித்து எண் தரவேண்டாம். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

கேள்வி: இதற்கெல்லாம் தனி சர்வர் வாங்க வேண்டுமா? எவ்வளவு செலவாகும்?
— புத்தூர்

பதில்: வேண்டியதில்லை. சில ஆயிரம் பதிவுகள் கொண்ட தரவுத்தளம் கைப்பேசியில் எடுக்கும் சில புகைப்படங்களின் அளவைத் தாண்டுவதே அரிது. நூலகத்தின் இருக்கும் சர்வரிலேயே எல்லாத் துறைகளுக்கும் ஒரே மென்பொருளை நிறுவுவது போதும். துறைக்கு ஒன்றாக நிறுவ ஒப்புக்கொள்ளும் நூலகர், பின்னர் அவை ஒவ்வொன்றையும் புதுப்பிக்க நேரமின்றித் தவிப்பார். கூடவே, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்திவரும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் தரவுக் கோப்பின் நகலைக் கட்டணமின்றி வைத்து, மேற்கோள் காட்டத் தகுந்த டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண்ணும் பெறலாம். செலவு முழுவதும் தரவைச் சீர்செய்பவரின் ஊதியத்தில்தான் இருக்கிறது. விண்ணப்பங்களில் அந்த ஒன்றைத்தான் எல்லாரும் எழுதாமல் விடுகிறார்கள்.

கேள்வி: தாவரவியல் துறையின் உலர்தாவரத் தொகுப்புக்குப் பட்டியல் தயார். சேகரித்த இடத்தின் ஆயத்தொலைவுகள் வரை துல்லியமாக இருக்கின்றன. நூலகம் இதையும் ஒமேகாவில் ஏற்றலாம் என்கிறது. சரிதானா?
— திருப்பதி

பதில்: படங்களைக் காட்ட ஒமேகா உதவும், ஆனால் உயிரினப் பதிவுகளுக்கென டார்வின் கோர் என்ற பொதுத்தரம் 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. நெடுவரிசைகளுக்கு அதில் உள்ள பெயர்களையே கொடுத்துவிட்டால், ஜிபிஃப் எனப்படும் உலகப் பல்லுயிர்த் தகவல் வசதியில் இணைவது பின்னால் எளிதாகும். நூலகத்தில் பயன்படும் டப்ளின் கோர் என்ற விவரிப்புத் தரம் பதினைந்தே கூறுகள் கொண்டது; சேகரிப்பு எண், இனத்தை அடையாளம் கண்டவர், கடல்மட்டத்திலிருந்து உயரம் ஆகியவற்றுக்கு அதில் தனி இடம் கிடையாது. இங்கே நூலகர் தாவரவியலாரின் பேச்சைக் கேட்பதுதான் முறை.

துல்லியமான ஆயத்தொலைவுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சேஷாசலம் மலையில் செம்மரக் கடத்தல் எந்த அளவுக்கு நடக்கிறது என்பதைத் திருப்பதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செம்மரம் வளர்ந்து நிற்கும் இடத்தை நான்கு தசம இலக்கத்தில் இணையத்தில் எழுதினால், பத்து மீட்டர் தொலைவுக்குள் மரத்தைக் காட்டிக் கொடுத்ததாகும். அத்தகைய இனங்களுக்குப் பொதுமக்கள் பார்க்கும் பதிவில் ஒரே தசம இலக்கம் போதும். அது ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் வட்டத்தைத்தான் குறிக்கும். துல்லியமான மதிப்பு துறையில் பூட்டிய கோப்பில் இருக்கட்டும். "இடம் வேண்டுமென்றே பொதுமைப்படுத்தப்பட்டது" என்ற குறிப்பையும் பதிவில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பிற்கால ஆய்வாளர் ஒருவர் அந்த மதிப்பையே நம்பி வரைபடம் போட்டுவிடுவார். சீட்டின் படத்தை ஏற்றும்போது, அதில் கையால் எழுதிய இடக்குறிப்பு படிக்கும்படி தெரிகிறதா என்பதையும் பாருங்கள். அட்டவணையில் மறைத்ததைப் படத்தில் காட்டிவிட்ட தளங்கள் உண்டு.

கேள்வி: எல்லையோரக் கிராமங்களில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பாடப்பட்ட நாட்டுப்புறப் பாடல்களின் ஒலிப்பதிவுகளும், பாடியவர்களின் பெயர், வயது, சாதி, முகவரி கொண்ட அட்டவணையும் என்னிடம் உள்ளன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. முழுவதையும் நூலகத்தில் ஏற்றலாமா? உரிமை யாருக்கு?
— குப்பம்

பதில்: உரிமை இங்கே பல அடுக்குகளாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினித் தரவுத்தளங்களையும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே தாங்கள் தொகுத்த அட்டவணைக்கே ஓர் உரிமை உண்டு. பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்றும் அச்சட்டம் சொல்கிறது. துறையா, தாங்களா என்ற விவாதத்தை வளர்க்காமல், இருவருமே கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஒன்றை நூலகத்திடம் கொடுத்துவிடுவது நல்லது. பாடியவருக்கு அச்சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. மரபுப் பாடல் ஊருக்கே பொதுவானது, எனவே பதிவும் பொதுவானது என்று சிலர் வாதிடுவார்கள், அது சரியன்று. பாடல் பொதுவாக இருக்கலாம், அந்தப் பாட்டி அன்று பாடியது அவருடையது.

பாடியவர் உயிரோடு இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் குடும்பத்தாரிடம் நேரில் போய், கைப்பேசியில் அந்தப் பாடலை ஒலிக்கவிட்டு, இது உலகம் முழுவதும் கேட்கும்படி இருக்கலாமா என்று அவர்கள் மொழியில் கேளுங்கள். கையெழுத்து வாங்க முடியாத இடத்தில் அவர் சம்மதிப்பதையே ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். மறுப்பவர்களும் இருப்பார்கள், ஒப்பாரிப் பாடலுக்கு மறுப்பு வருவது இயல்பு. அவற்றை நூலகத்துக்குள் வந்து கேட்கும்படி மட்டும் வையுங்கள்.

முகவரியையும் சாதியையும் பொதுப்பக்கத்தில் போட வேண்டாம். ஆய்வுக்குச் சாதி தேவைப்படுவது உண்மை. ஆயினும் பெயரும் ஊரும் சாதியும் ஒரே பக்கத்தில் கூகுளில் வருவது வேறு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கவேண்டியிருக்கிறது. மொழியைப் பொறுத்தவரை, பாடலின் முதலடியை அதன் சொந்த எழுத்திலும், இந்திய எழுத்துகளை ரோமன் எழுத்தில் எழுதும் ஐ.எஸ்.ஓ. 15919 முறைப்படியான ஒலிபெயர்ப்பிலும் கொடுங்கள். மூன்று மொழிகளையும் ஒரே தேடலில் பிடிக்க அது உதவும். ஒரே பாட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து வரும் இடங்களில், மொழிப் புலத்தில் இரண்டு குறியீடுகளையும் எழுதத் தயங்க வேண்டாம். குப்பத்துப் பாட்டு அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறேன். எனக்குப் பிறகு தரவுத்தளத்தில் புதிய பதிவுகளைச் சேர்க்க யாரும் இல்லை. அரைகுறையாக நிற்பதை ஏற்றலாமா, விட்டுவிடலாமா?
— வாளையார்

பதில்: ஏற்றலாம். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்தெந்த இதழ்களைப் பார்த்து, எவற்றைப் பார்க்காமல் விட்டீர்கள் என்பதை முகப்பில் எழுதி, இன்ன தேதியோடு நிறைவு செய்யப்பட்டது என்று குறிப்பிட்டுவிட்டால், அது அரைகுறையான தரவுத்தளம் ஆகாது. எல்லை தெரிந்த தரவுத்தளம் ஆகும். "தொடர்ந்து புதுப்பிக்கப்படும்" என்ற வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். ஓய்வுக்கு முன்பே கடவுச்சொற்களை நூலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, கோப்பின் நகல்களை நூலகச் சர்வரிலும் வெளியூர்ச் சேமிப்பிடம் ஒன்றிலும் தனி வன்தட்டிலுமாக மூன்று இடங்களில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறொரு கணினியில் தாங்களே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புநகலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.